வேலையில்லாதவரின் தபால் பெட்டி

மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்களே நான்கு வரிகள், மின்சாரமும் காந்தமும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்பவை, அவற்றை அந்த வடிவத்தில் எழுதியவர் மேக்ஸ்வெல் இல்லை. இது இப்போது பலருக்கும் தெரிந்த செய்திதான். மேக்ஸ்வெல் 1865-இல் எழுதியது இருபது மாறிகள் கொண்ட இருபது சமன்பாடுகள். அதையெல்லாம் உதறி, வெக்டர் கணிதத்தில் போட்டு நான்காக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. லண்டனில் கேம்டன் டவுனில் அப்பா அம்மா வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வேலைக்கும் போகாமல், 1880-களின் நடுவில் இதைச் செய்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் காது வேறு சரியாகக் கேட்காது. இந்தக் கதையை "புறக்கணிக்கப்பட்ட மேதை" என்று தலைப்பு வைத்து, பின்னால் சோகமாக வயலின் ஓடவிட்டு, யூடியூபில் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வயலின்தான் பிடிக்கவில்லை. அவர் தனியாக இருந்தார், சரி. ஆனால் பேச ஆளில்லாமல் இல்லை. அவருக்குத் தபால் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கடிதங்களைப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார்: நக்கல்காரர், வம்புக்காரர், சில சமயம் தாங்க முடியாதவர், நண்பர்கள் விஷயத்தில் அதிர்ஷ்டசாலி.

ஆளை முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1850-இல் பிறந்தவர். 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தித் துறையில் பெரிய பெயரான சார்லஸ் வீட்ஸ்டன் அவருக்குச் சித்தப்பா முறை. அந்த வழியில் டேனிஷ் தந்திக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. முதலில் டென்மார்க், அப்புறம் நியூகாசில். கடலுக்கடியில் போகும் கேபிளில் சமிக்ஞை ஏன் இப்படி இழுபடுகிறது என்று அங்கேதான் மண்டையைக் குடையத் தொடங்கியது. 1874-இல், 24 வயதில், வேலையை விட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு 1925-இல் சாகும்வரை எந்த வேலைக்கும் போகவில்லை. 'தி எலெக்ட்ரிஷியன்' என்ற வாரப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஆண்டுக்குச் சுமார் 40 பவுண்டு வரும். வருமானம் என்று சொல்லிக்கொள்ள அதுதான். நம் ஊர் வீடாக இருந்தால் என்னென்ன பேச்சு கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

1887 அவருக்கு மோசமான ஆண்டு. காரணம் வில்லியம் ப்ரீஸ், பிரிட்டிஷ் தபால் துறையின் பெரிய பொறியாளர். 1870 முதலே அங்கே தந்தி முழுக்கத் தபால் துறை வசம், ஆக மின்சாரக் கம்பி விஷயத்தில் ப்ரீஸ் வைத்ததுதான் சட்டம். தொலைபேசிக் கம்பியில் குரல் எவ்வளவு தூரம் தெளிவாகப் போகும் என்பதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார், அதன்படி கம்பியின் தன்மின்தூண்டல் (மின்னோட்டம் மாறும்போது அந்த மாற்றத்தைக் கம்பியே எதிர்க்கும் குணம்) ஒரு தொல்லை, எவ்வளவு குறைக்க முடியுமோ குறைக்க வேண்டும். ஹெவிசைடு கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்மாறாக வருகிறது. நம் குரலில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன, சாதாரணக் கம்பியில் ஒவ்வொன்றும் வேறுவேறு வேகத்தில் போய் வேறுவேறு அளவில் தேய்ந்துவிடுவதால்தான் மறுமுனையில் பேச்சு குழறுகிறது. மின்தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதமும், கசிவுக்கும் மின்தேக்குத்திறனுக்கும் உள்ள விகிதமும் சமமாகிவிட்டால் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில், ஒரே அளவு தேய்ந்து போகும். குரல் சன்னமாகும், ஆனால் சிதையாது. நடைமுறைக் கம்பிகளில் தூண்டல் மிகக் குறைவு. ஆக, தூண்டலைக் கூட்ட வேண்டும்!

இதைத் தன் அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து ஒரு கட்டுரையில் எழுதினார். ஆர்தர் வேலை பார்த்தது தபால் துறையில், ப்ரீஸுக்குக் கீழே. மேலதிகாரி அனுமதி இல்லாமல் அச்சுக்குப் போகாது, அனுமதி வரவில்லை. அண்ணன் வாயை மூடிக்கொண்டார், சம்பளக்காரர் வேறென்ன செய்வார். அதே ஆண்டு 'எலெக்ட்ரிஷியன்' ஆசிரியர் பிக்ஸ் பதவியிழந்தார், புதிதாக வந்தவர் ஹெவிசைடின் தொடரை நிறுத்தினார், மற்றப் பத்திரிகைகளும் கதவைத் திறக்கவில்லை. ஹெவிசைடு ப்ரீஸுக்கு வைத்த பட்டப்பெயர்களைத் தமிழில் சொன்னால் "அரைகுறை அறிவியலார்" மாதிரி வரும், அதுவும் மாண்புமிகு என்ற தோரணையில். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அடுத்த ஆண்டே ஹெவிசைடைத் தூக்கி நிறுத்திய கடிதங்கள் அத்தனையையும் லிவர்பூலிலிருந்தும் டப்ளினிலிருந்தும் சுமந்து வந்து அவர் வீட்டு வாசலில் போட்டதும் இதே தபால் துறைதான்!

1888. லிவர்பூல் பேராசிரியர் ஆலிவர் லாட்ஜ் இடிதாங்கிகள் பற்றி உரையாற்றும்போது, மிகக் கடினமான ஒரு கோட்பாட்டின் மேல் எப்படிப்பட்ட பிடி இந்த ஹெவிசைடின் எழுத்தில் இருக்கிறது என்று புகழ்கிறார். புகழ்ந்த கையோடு, அந்த எழுத்து கிறுக்குத்தனமானது, சில வகையில் கிட்டவே சேர்க்காதது என்றும் சொல்கிறார். எனக்குத் தெரிந்து ஹெவிசைடைப் பற்றிய மிகச் சரியான மதிப்புரை இதுதான். அவருடைய கட்டுரைகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் திடீரென்று யாரையாவது கிண்டல் செய்வார், நிறுவாமல் தாண்டுவார், இது புரியாதவன் மேலே படிக்க வேண்டாம் என்கிற மாதிரி ஒரு தொனி. அந்த ஒரு வாக்கியத்தைத் தொட்டு லாட்ஜுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்குகிறது. அடுத்த ஜனவரியில் வில்லியம் தாம்சனே (பின்னாளில் கெல்வின் பிரபு) மின்பொறியாளர் சங்கத்துத் தலைமையுரையில் ஹெவிசைடின் பெயரைச் சொல்லிப் பாராட்டிவிட்டார். ப்ரீஸால் அதற்கு மேல் அவரை ஒன்றுமில்லாதவர் என்று ஒதுக்க முடியவில்லை.

அதே 1888-இல்தான் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூவில், ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையில் பிடித்துக் காட்டினார். ஹெவிசைடுக்கும் ஹெர்ட்ஸுக்கும் இடையே போன கடிதங்கள் ஒரு தனி ரகம். ஹெர்ட்ஸ் மரியாதையும் நிதானமும் கொண்டவர். 1889-இல் ஹெவிசைடுக்கு எழுதும்போது, எனக்கு விஷயம் தெளிவாகத் தெளிவாக உங்கள் கட்டுரைகளுக்குத் திரும்பிப் போனேன், நான் கண்டதாக நினைத்த முன்னேற்றத்தை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறீர்கள் என்ற பொருளில் எழுதுகிறார். உங்கள் எழுத்து படிக்கக் கஷ்டம் என்பதையும் நாசூக்காகச் சொல்லிவிடுகிறார். அடுத்த ஆண்டு தன் கட்டுரையில், சமன்பாடுகளை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் முதல்வர் ஹெவிசைடு என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். உலகமே ஹெர்ட்ஸ் பேரைச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. பேசாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இருவரும் என்னவெல்லாம் பேசிக்கொண்டார்கள் என்றால், பெரும்பகுதி பொட்டென்ஷியல் பற்றி, அதாவது மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கணக்கிட உதவும் இடைநிலை அளவுகள் பற்றி. மேக்ஸ்வெல்லின் கோட்பாட்டில் மின்னழுத்தம், வெக்டர் பொட்டென்ஷியல் எல்லாம் நடுநாயகமாக இருந்தன. ஹெவிசைடுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. வெளியில் நிஜமாக இருப்பது மின்புலமும் காந்தப்புலமும்தான், ஆற்றல் இருப்பதும் நகர்வதும் அவற்றில்தான், மற்றது வெறும் தத்துவ விசாரம் என்பது அவர் கட்சி. மின்னழுத்தத்தைக் குறிக்கும் 'ஸை' என்ற கிரேக்க எழுத்தைக் "கொலை" செய்வது பற்றி அவரும் நண்பர்களும் பேசிக்கொண்டது அந்தக் கூட்டத்துக்குள் ஒரு நிரந்தர ஜோக். ஹெர்ட்ஸும் சுற்றிவளைத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். (குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு, கொலையான பொட்டென்ஷியல் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது வேறு கதை.)

1890 கடைசியில் ஒரு பதக்கம் வாங்க ஹெர்ட்ஸ் லண்டன் வந்தார். லாட்ஜ் வந்தார், டப்ளினிலிருந்து ஃபிட்ஸ்ஜெரால்டு (இவரைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) வந்தார், சேர்ந்து விருந்து சாப்பிட்டார்கள். ஹெவிசைடு போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பெற்றோரோடு டெவன் மாவட்டத்தில் பெய்ண்டனுக்குக் குடிபெயர்ந்திருந்தார், இன்னொரு சகோதரரின் இசைக்கருவிக் கடைக்கு மேல் வீடு. ரயில் ஏறினால் வந்திருக்கலாம். வரவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1894 புத்தாண்டு அன்று, ஹெர்ட்ஸ் 36 வயதில் இறந்துபோனார். இருவரும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆளுக்கு வருகிறேன். ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு, டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர். மூளையில் நிமிஷத்துக்கு ஒரு யோசனை வரும், எதையும் முடிக்க மாட்டார், யார் எடுத்துக்கொண்டு போனாலும் கவலைப்பட மாட்டார். மின்விசையால் ஈதரில் (ஒளி அலை பரவ வெளி முழுக்க நிறைந்திருப்பதாக அன்று நம்பிய ஊடகம்) அலை எழுப்பவே முடியாது என்று 1879-இல் ஒரு கட்டுரை எழுதிவிட்டு, சில ஆண்டுகளில் அது தப்பு என்று தானே சொல்லி, ஒரு சின்ன மின்சுற்றிலிருந்து எவ்வளவு ஆற்றல் அலையாக வெளியே போகும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தவர். 1895-இல் கல்லூரி மைதானத்தில் கிளைடர் கட்டிப் பறக்கப் பார்த்தவர், அது தனி அமர்க்களம். ஹெவிசைடுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தன்னைப் பற்றி இப்படிச் சொல்கிறார்: நான் தப்பு செய்தேன் என்பதெல்லாம் எனக்கு உறைப்பதே இல்லை, அரைவேக்காட்டு யோசனைகளோடு ஓடிவந்து கொட்டுகிறேன், அதைப் பார்த்து வேறு யாராவது யோசித்து ஏதாவது முன்னேற்றம் வந்தால் சரி. அவர் பெருந்தன்மைக்காக இப்படி எழுதவில்லை, ஆளே அப்படித்தான்.

1889 பிப்ரவரிக் கடிதம் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அதற்குச் சற்று முன்னால் ஹெவிசைடு ஒரு கணக்கை அச்சிட்டிருந்தார். ஒரு மின்னூட்டம் சும்மா நிற்கும்போது அதன் விசைக்கோடுகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விரிந்திருக்கும். அதுவே வேகமாக ஓடினால்? கோடுகள் ஓடும் திசையில் மெலிந்து, பக்கவாட்டில் நெருங்கிவிடும் என்று காட்டினார். வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க, முழுப் புலமும் குறுக்கே ஒரு தட்டு மாதிரி அமுங்கிவிடும். அதோடு நிற்காமல், ஒளியைவிட வேகமாக ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வியையும் போட்டு வைத்தார். அதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய பதிலின் சாரம்: நானும் இதைப் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன், திருப்தியான பதில் கிடைக்கவில்லை, பதிலுக்கு நான் கேட்க வேண்டியது, "அது முடியுமா?" என்பதுதான்.

"அது முடியுமா?" என்று கேட்ட ஆண்டைக் கவனியுங்கள். ஐன்ஸ்டைனுக்கு அப்போது வயது ஒன்பது.

கடிதம் போட்ட சில நாட்களில் ஃபிட்ஸ்ஜெரால்டு லண்டனில் ஹெவிசைடு வீட்டுக்கே போய் அவரைப் பார்த்தார். இரண்டு ஆண்டு முன்பு 1887-இல் அமெரிக்காவில் மைக்கேல்சனும் மார்லியும் ஈதருக்குள் பூமி ஓடுவதை அளக்கப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் முடித்திருந்தார்கள், அது எல்லோர் மனதையும் அரித்துக்கொண்டிருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். ஓடும் மின்னூட்டத்தின் புலம் அமுங்கும் என்றால், பொருட்களை ஒட்டி வைத்திருக்கும் மூலக்கூறு விசைகளும் மின்விசை மாதிரியே நடந்துகொள்வதாக இருந்தால், ஓடும் பொருளே ஓடும் திசையில் கொஞ்சம் சுருங்கிவிடுமே! அளக்கும் கருவியும் கூடவே சுருங்கிவிட்டால் எதை அளப்பது? இதை ஒரு சின்னக் கடிதமாக எழுதி, மே மாதம் அமெரிக்காவின் 'சயின்ஸ்' பத்திரிகைக்கு அனுப்பினார். சுருக்கம் என்ற கருத்து முதன்முதலில் அச்சேறியது ஒரு பத்திராதிபர் கடிதமாக, சமன்பாடு ஒன்றுகூட இல்லாமல்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அந்தக் கடிதம் அச்சில் வந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது. 1892-இல் ஹாலந்தில் இயற்பியலாளர் லோரன்ட்ஸ் சுயமாக அதே கருத்துக்கு வருகிறார், லாட்ஜின் எழுத்து வழியாக ஃபிட்ஸ்ஜெரால்டு பெயரைக் கேள்விப்படுகிறார், 1894-இல் அவருக்கே கடிதம் போட்டுக் கேட்கிறார்: இது நீங்கள் முன்பே சொன்னதாமே, எங்கே அச்சிட்டீர்கள்? ஃபிட்ஸ்ஜெரால்டின் பதில்: 'சயின்ஸு'க்கு எழுதிப் போட்டேன், போட்டார்களா என்று தெரியாது, அப்புறம் பார்க்கவும் இல்லை, என் வகுப்புகளில் சொல்லி வருகிறேன், இங்கே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் ஒத்துக்கொள்வதில் மகிழ்ச்சி. போட்டிருந்தார்கள், 1889 மே 17 இதழில் இருக்கிறது. அறிவியல் வரலாற்றுக்காரர்கள் அதைத் தேடி எடுத்தது 1967-இல். முன்னுரிமைக்காகக் கோர்ட்டு வரை போகும் உலகத்தில், தன் பெயரில் சார்பியலுக்கு முன்னோடியான ஒரு கருத்து அச்சாகியிருக்கிறதா என்று நூலகத்துக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கக்கூடத் தோன்றாத ஒருவர்! எனக்கு இது பெருமையாகவும் இருக்கிறது, போய் உலுக்கலாம் போலவும் இருக்கிறது.

இதே ஃபிட்ஸ்ஜெரால்டுதான் ஹெவிசைடின் வயிற்றுப்பாட்டுக்கும் அலைந்தார். 1894-இல் அவரும் லாட்ஜும் பொறியாளர் ஜான் பெர்ரியும் ராயல் சொசைட்டியின் உதவி நிதியிலிருந்து ஒரு தொகை கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். ஹெவிசைடு, இது பிச்சை, வேண்டாம் என்று திருப்பிவிட்டார். கையில் காசில்லாதவர்களிடம் இந்த ரோஷம் இருந்தால் உதவி செய்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான், எந்தச் சொல்லை எடுத்தாலும் முள்ளாகக் குத்தும். இரண்டு ஆண்டு விட்டுப் பிடித்து, 1896-இல் அரசு கௌரவ ஓய்வூதியம் ஆண்டுக்கு 120 பவுண்டு வாங்கித் தந்தார்கள். இது தர்மம் இல்லை, ஃபாரடேயும் ஜூலும் வாங்கிய அதே பட்டியல். அப்போதும் லேசில் சம்மதிக்கவில்லை, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டு இதற்கிடையே ஹெவிசைடின் கட்டுரைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையையும் சொல்ல வேண்டும்: மேக்ஸ்வெல்லின் நூல் முழுக்க அவர் நடத்திய போர்களின் இடிபாடு, பாசறைகளின் மிச்சம், ஹெவிசைடு அதையெல்லாம் அப்புறப்படுத்தி நேர் சாலை போட்டுவிட்டார் என்று. சாலை போட்டவருக்குச் சாப்பாட்டுக்கு இல்லை என்பதும் எழுதியவருக்குத் தெரியும்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். தூண்டலைக் கூட்டச் சொன்ன அந்த யோசனை இருக்கிறதே, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, கம்பியில் ஆங்காங்கே சுருள் வைக்கும் முறைக்கு 1900-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மிகைல் பூப்பின். நெடுந்தூரத் தொலைபேசி அதனால் பிழைத்தது, அவருக்கு நல்ல பணம். ஹெவிசைடு காப்புரிமை வாங்காமல் பத்திரிகையில் எழுதிவிட்டுப் போய்விட்டார், பூப்பினைச் சாகும்வரை மன்னிக்கவும் இல்லை.

1901 பிப்ரவரியில் ஃபிட்ஸ்ஜெரால்டு இறந்தார், வயது 49. அதன் பிறகு வரும் ஹெவிசைடு கடிதங்களில் சுருதி மாறுகிறது. இயற்பியல் குறைகிறது, புகார் கூடுகிறது. மின்காந்த அலைகளைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு வளிமண்டலத்தின் மேலே இருக்கலாம் என்று 1902-இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் போகிறபோக்கில் சொன்னது மாதிரி சில மின்னல்கள் உண்டு. மற்றபடி டார்க்கீ ஊரில் தனி வீட்டில், கேஸ் கட்டணத் தகராறில் கேஸ் கம்பெனிக்காரர்களைக் காட்டுமிராண்டிகள் என்று திட்டிக்கொண்டு, கடிதங்களில் தன் பெயருக்குப் பின்னால் பட்டம் போல டபிள்யூ.ஓ.ஆர்.எம். என்று போட்டுக்கொண்டு இருந்தார். சேர்த்துப் படித்தால் புழு. நகத்துக்குச் சாயம் பூசினார் என்பது போன்ற கதைகளும் இந்தக் காலத்தைப் பற்றித்தான் உலவுகின்றன, வீடியோக்காரர்கள் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து இயற்பியலாளர் ஜி. எஃப். சி. சியர்ல் மனைவியோடு அடிக்கடி போய் அவரைப் பார்த்துக்கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய நினைவுக் குறிப்பில், ஹெவிசைடு முதல்தரமான விசித்திரப் பேர்வழிதான், ஆனால் எந்தக் காலத்திலும் புத்தி பிசகியவர் இல்லை என்று அழுத்திச் சொல்கிறார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நேரில் பழகியவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

1912-இல் தன் பெரிய நூலின் மூன்றாம் பாகத்தை ஹெவிசைடு ஃபிட்ஸ்ஜெரால்டின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார், இறந்து பதினொரு ஆண்டு கழித்து. யாரையும் லேசில் புகழாத மனிதர்.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஹெவிசைடின் காகிதங்கள் லண்டனில் பொறியாளர் சங்கத்துக் காப்பகத்தில் இருக்கின்றன, 1957-இல் பெய்ண்டனில் இன்னும் ஒரு கட்டு கிடைத்தது. ஹெர்ட்ஸும் இந்த பிரிட்டிஷ், ஐரிஷ் ஆட்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1987-இல் தொகுப்பாக அச்சாகிவிட்டன, பெரிய நூலகங்களில் கிடைக்கும். காதல் கடிதம் மாதிரி எதிர்பார்க்க வேண்டாம், பாதிப் பக்கம் கணிதம். புரியாத சமன்பாட்டைத் தாண்டிப் போகலாம், தப்பில்லை, 1889-இலிருந்து தொடங்குங்கள். 1910-க்குப் பிறகான கேஸ் கம்பெனிக் கடிதங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதை முதலில் படித்தால் வயலின் கேட்க ஆரம்பித்துவிடும்.